வானொலி இருந்த இடத்தில் நீ வைத்த பெட்டி

மகனே,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். ரொறன்ரோவில் வாங்கிய புது வீட்டுக்கு அடுத்த மாதம் குடிபோகிறீர்கள். சொன்ன சொல்லுக்குப் பாட்டுப் போட்டு, விளக்கை அணைத்து, கேட்டதற்குப் பதில் சொல்லும் அந்தப் பெட்டியை அறைக்கு ஒன்றாக வைக்கப் போகிறீர்கள். யாழ்ப்பாணத்து அரியாலையில் இருக்கும் எங்களுக்கும் புதிதாக ஒன்று அனுப்பட்டுமா என்பது உன் கேள்வி. "அங்கை கிடக்கிறது கனநாளா ஓஃப்லை கிடக்கு அப்பா. பழுதாப் போச்சுப்போலை. புதுசு இதைவிட நல்லாக் கேக்கும்" என்றாய். நன்றாகக் கேட்கும் என்பதை நீ அதன் மேன்மையாகச் சொன்னாய். எழுதிப் பதில் அனுப்புகிறேன் என்றேன். "ஓமோ இல்லையோ எண்டு சொல்லுறதுக்கும் எழுத்திலையோ?" என்று சிரித்தாய். ஆம், எழுத்தில்தான். பெட்டி பழுதாகவில்லை, நான்தான் அதன் வயரைப் பிடுங்கினேன். ஏன் பிடுங்கினேன் என்பதை இதுவரை உனக்குச் சொல்லவில்லை. வாயால் சொன்னால் கோபத்தில் அளவு தவறிவிடும் என்று அஞ்சினேன்.

இதைப் பிறர் படிக்கவும் கொடுக்க எண்ணியிருக்கிறேன். எங்கள் ஒழுங்கையிலேயே பல வீடுகளில் வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய இத்தகைய பெட்டிகள் இருக்கின்றன; அன்பின் பேரில் வந்தவை என்பதால் எவரும் அவற்றைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை. ஆயினும் இக்கடிதம் முதலில் உனக்கு மட்டுமே வரும். இதில் வரும் ஒரு பெண்மணிக்கு இதை வாசித்துக் காட்டி அவருடைய சம்மதத்தைப் பெற்றிருக்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய யாவற்றையும் மாற்றியிருக்கிறேன். உன் சம்மதமும் கிடைத்தால் அச்சுக்குப் போகும். இல்லையெனில் என் மேசை லாச்சியில் கிடக்கும். பிறருடைய கதையை அவர்களைக் கேளாமல் வெளியே விடுவதைப் பற்றி எழுதுகிறவன் இவ்வளவாவது செய்ய வேண்டும்.

முதலில் உன் பக்கத்து நியாயத்தை நானே சொல்லிவிடுகிறேன். உன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த நாளன்று நான் நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். அவர் கூப்பிட்டது எவருக்கும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை முருங்கைக்காய் கேட்டு வந்ததால்தான் தெரிந்தது. நீ ரொறன்ரோவிலிருந்து அன்று அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு வந்தபோது அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து, நடு அறையில் வானொலி இருந்த இடத்தில் வைத்தாய். "அம்மா விழுந்தா, கிடந்தபடியே என்ரை பேரைச் சொன்னாக் காணும், எனக்கு அடிக்கும். நானும் நினைச்ச நேரம் அங்கையிருந்து திறந்து கதைக்கலாம். நீங்கள் ஒரு பட்டனும் அமத்தத் தேவையில்லை" என்றாய். நாங்கள் எதையும் அமத்தத் தேவையில்லை என்ற அந்த வாக்கியத்தில் நான் தடுக்கியிருக்க வேண்டும். சட்டத்தரணியாக நான் எழுதும் ஓர் உறுதிப் பத்திரத்தில் அப்படியொரு வாசகம் இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கம் கேட்டிருப்பேன். மகன் சொன்னான் என்பதால் கேட்கவில்லை.

அந்தப் பெட்டியை நான் வெறுக்கத் தொடங்கியது பின்னால் நடந்த சம்பவத்தால் மட்டும் அல்ல. முதல் வாரத்திலேயே எனக்குள் ஓர் அருவருப்பு ஊறத் தொடங்கியது; காரணம் தெரியாததால் அதை வயதின் முரண்டு என்று ஒதுக்கிவைத்தேன். உன் அம்மா அதனோடு மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் பேசினார். முப்பது ஆண்டுகள் படிப்பித்த ஆசிரியை அல்லவா, வணக்கம் சொல்லி, தயவுகூர்ந்து என்று தொடங்கி, நன்றி சொல்லி முடிப்பார். கேட்ட ஞானப்பாட்டு இல்லையென்று பெட்டி வருத்தம் தெரிவித்தால், "பரவாயில்லை பிள்ளை" என்று அதைத் தேற்றுவார். நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. வருந்தத் தெரியாத ஒன்று நாளெல்லாம் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருப்பதையும், அதற்கு ஒரு மனுஷி உண்மையாகவே ஆறுதல் சொல்வதையும் பார்த்துக்கொண்டு சோறு உண்பது எனக்கு இயலாமற் போயிற்று. தட்டை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்விடுவேன்.

உன் மகள் அந்த விடுமுறையில் அதற்கு உத்தரவிடுவதைக் கேட்டேன். பெயரைச் சொல்லுவாள், நிறுத்து என்பாள், பெட்டி பாதிச் சொல்லில் வாயை மூடும். உங்களுக்கெல்லாம் அது வேடிக்கையாக இருந்தது. நீங்கள் திரும்பிப் போவதற்கு முதல் நாள் மாலை, உன் அம்மா தான் பள்ளிக்கூட விடுதியில் இருந்த காலத்துக் கதையொன்றை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு அலுத்துவிட்டது, அது குற்றமில்லை. அதே சொல்லை அதே குரலில் அப்பம்மாவைப் பார்த்துச் சொன்னாள். உன் அம்மா பாதிச் சொல்லில் நிறுத்தினார். நீ கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தது உன் அம்மாவின் முகத்தை. கோபம் இல்லை, பணிந்து பழகிய ஒருவரின் முகம் அது. அந்த முகத்தை அவரிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை.

இனி வானொலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. நம் வீட்டில் என் அலுவலக அறைக்கும் நடு அறைக்கும் இடையே உள்ள சுவர் கூரைவரை போவதில்லை என்பது உனக்குத் தெரியும். காற்றோட்டத்துக்காக அப்படிக் கட்டினார்கள். அந்தக் காற்றோடு பேச்சும் போகும். கட்சிக்காரர் ஒருவர் என் முன்னால் கதிரையில் அமர்ந்ததும் உன் அம்மா நடு அறை வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டுக் குசினியில் அடுப்படிக்குப் போய்விடுவார். அவரிடம் நான் ஒருநாளும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. மணமான முதல் மாதத்தில் யாரோ ஒரு பெண் அழுதுகொண்டு பேசத் தொடங்கியபோது அவராகச் செய்தது, பிறகு வழக்கமாயிற்று. நீங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது வானொலி சத்தமாகப் பாடினால் அப்பாவிடம் ஆள் வந்திருக்கிறது என்று அறிந்துகொண்டு பின்வளவுக்கு விளையாடப் போவீர்கள். என் தொழிலின் மானத்தைச் சட்டப் புத்தகங்களைவிட அந்த வானொலியே அதிகம் காத்தது. அது பழுதாகி, திருத்துபவர் கைவிரித்த பிறகு, அந்த மேசையில் உன் பெட்டி வந்தது. உன் அம்மா வழக்கத்தை மாற்றவில்லை. ஆள் வந்தால் பெட்டியிடம் பாட்டுக் கேட்பார், பெட்டி பாடும், அவர் குசினிக்குப் போவார். ஒட்டுக் கேட்பதைத் தடுக்க ஒட்டுக் கேட்கும் பொருளையே காவலுக்கு வைத்தோம். எங்கள் இருவரையும் தவிர இந்தப் பிழையை உலகத்தில் வேறு எவரும் விட்டிருக்க மாட்டார்கள்.

தொலைவிலுள்ள கடற்கரைப் பட்டினம் ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். அம்மையார் என்றே குறிப்பிடுகிறேன். கணவர் கடலோடி, இறந்து பல காலம். ஒரே மகள், வெளியூரில் வேலை. மகளுக்கு ரொறன்ரோவில் மாப்பிள்ளை பார்த்து முற்றாகியிருந்தது. குடியிருக்கும் வீட்டைச் சீதனமாக எழுத வேண்டும். வீட்டை மகள் பெயரில் எழுதுவதில் அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை. கேட்டது ஒன்றுதான்: தான் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் வாழும் உரிமையைத் தனக்கு வைத்து எழுத முடியுமா? சீவிய உரித்து என்று அதைச் சொல்வோம். நாள்தோறும் எழுதுகிற சங்கதி. "என்ரை அக்கா ஒண்டும் யோசியாமல் எழுதிக் குடுத்தவ ஐயா. மருமோன் வெளிநாட்டிலை இருந்தபடியே வித்துப்போட்டார். அவ இப்ப வாடகைக்கு ஒரு அறையிலை கிடக்கிறா. என்ரை மோள் அப்பிடி இல்லை. வாற பொடியனை எனக்குத் தெரியாதுதானே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இது இப்ப ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். மோளுக்கும் நான் இன்னும் சொல்லேல்லை. அவள் வேலையாலை லீவிலை வரேக்கை முகத்துக்கு முகம் பாத்து நான்தான் சொல்ல வேணும். பேந்து மாப்பிள்ளை பகுதிக்கு அவளே சொல்லட்டும்." மாப்பிள்ளையின் ஊரையும் அவர் செய்யும் வேலையையும் நான் கேட்டேன், அம்மையார் சொன்னார். அவை அந்த அறைக்குள் கேட்கவேண்டிய கேள்விகள்.

இந்தப் பேச்சின் நடுவே, நான் மாப்பிள்ளையின் ஊரைக் கேட்பதற்கு முன்பே, பெட்டியின் பாட்டு நின்றது. மின்சாரம் போய்விட்டது என்று எண்ணினேன். அம்மையாரும் அப்படியே எண்ணி, "கறண்டும் போட்டுது" என்றார். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. என் மேசைத் தாள்களின் ஓரங்கள் படபடத்துக்கொண்டிருந்தன. நான் அவற்றின் மீது கையை வைத்துக்கொண்டுதான் பேசினேன். ஒரு சாட்சி கூண்டில் நின்று, மின்சாரம் இல்லை, ஆனால் காற்றாடி சுற்றியது என்று சொல்லியிருந்தால் அவரை நான் விட்டிருக்க மாட்டேன். என்னை நானே விட்டுவிட்டேன். சீவிய உரித்தைப் பற்றித் தெளிவாக, சற்று உரத்த குரலிலேயே விளக்கினேன்.

சில வாரங்களின் பின் அம்மையார் மறுபடி வந்தார். படலையடியில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "இதிலை நிண்டே கதைப்பம் ஐயா." மாப்பிள்ளையின் தாய் தொலைபேசி எடுத்திருக்கிறார். எடுத்தது அம்மையாருக்கு அல்ல, மகளுக்கு. "உம்மடை கொம்மா சாகுமட்டும் என்ரை மோன் வாசல்லை நிண்டு பாத்துக்கொண்டிருக்க வேணுமோ பிள்ளை?" என்று கேட்டாராம். இந்தக் கலியாணத்தை இனி யோசிக்கவேண்டும் என்றாராம். மகள் தாயிடம் கேட்டது அதைவிடக் கொடுமை: "பெத்த மோள் எனக்குச் சொல்லாமல் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறியள், என்னம்மா?" அன்றிலிருந்து அவள் தாயோடு பேசவில்லை. அம்மையார் இதைச் சொல்லும்போது என்னைக் குற்றம் சாட்டவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. உன் அம்மா வழமைபோல் தேத்தண்ணி கொண்டுவந்து படலையடியிலேயே நீட்டினார். "வேண்டாம் ரீச்சர், இப்பதான் குடிச்சனான்" என்று சொல்லி அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரை நாள் பஸ்ஸில் வந்தவர். உன் அம்மா கோப்பையோடு நின்றார்.

அந்த இடத்தில் நான் செய்ததை உனக்கு மறைக்கப் போவதில்லை. அறையில் இருந்தவர்கள் இருவர். வீட்டில் இருந்தவர் மூன்றாமவர். ஒரு கணம் நான் உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கணம்தான். ஆனால் அவர் அதைக் கண்டுகொண்டார். கோப்பையைப் படலைத் தூணின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த ஞாயிறு நீ அழைத்தாய். நல்ல மனநிலையில் இருந்தாய். நீயாகவே சொன்னாய்: "அப்பா, அண்டைக்கு உங்கடை ஒபிசுக்குள்ளை வந்து குந்தியிருந்தமாதிரி இருந்தது. அம்மாவோடை கதைப்பம் எண்டு திறந்தன், அவ இல்லை. நீங்கள் ஆரோ ஒரு மனிசிக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தியள். சின்னனிலை கேட்ட குரல் அப்பிடியே கிடக்கு." எவ்வளவு நேரம் கேட்டாய் என்றேன். "கொஞ்ச நேரம்தான்." நீ இருப்பதை ஏன் சொல்லவில்லை என்றேன். "உங்களைக் குழப்பக்கூடாதெண்டு." வேறு யாருக்கும் சொன்னாயா என்றேன். "என்னப்பா, குறுக்கு விசாரணையே? ஒருத்தருக்கும் இல்லை. வேலையிலை ஒருத்தன் இருக்கிறான், அந்த மாப்பிள்ளையின்ரை ஊர்தான். சும்மா பகிடியாச் சொன்னனான், உங்கடை ஊர் மாப்பிள்ளைக்கு வீடு வரும், ஆனா மாமி சாகுமட்டும் வாசல்லை நிக்க வேண்டிவரும் எண்டு."

வாசலில் நிற்பது என்ற அதே சொற்கள். அன்று பாட்டு நின்றது நீ பெட்டியைத் திறந்ததால்தான். ஊரும் தொழிலும் காதில் விழுந்தால் ரொறன்ரோவில் ஆளைக் கண்டுபிடிக்க அது போதும். நான் தொலைபேசியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். நடு அறையில் அந்தப் பெட்டி ஒரு விளக்கும் எரியாமல், தூசி துடைத்து, உன் அம்மா பின்னிய விரிப்பின்மேல் இருந்தது. வயரைப் பிடுங்கினேன். அது போதாதென்று தோன்றியது. ஒரு பழைய துவாயில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். இதைப் படிக்கும்போது உனக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அன்று வரவில்லை, இன்றும் வரவில்லை.

உன் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது உன்னைப் பற்றியோ பெட்டியைப் பற்றியோ அல்ல. "அப்ப அவ என்னிலைதான் ஐமிச்சப்பட்டவ?" ஓம் என்றேன். "நீங்களும்?" அதற்கும் ஓம் என்றேன். "இவ்வளவு காலமும் ஆருடைய கதையையும் கேக்கக்கூடாதெண்டு குசினிக்குள்ளை புகைக்குள்ளை நிண்டனான்" என்றார். அம்மையாரிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும், நீயும் வா என்றேன். "நான் ஏன்? நான் களவெடுக்கேல்லை எண்டு காட்டுறதுக்கு நான் ஏன் பஸ் ஏறவேணும்?" என்றார். அவர் சொன்னது சரி. நான் தனியாகப் போனேன்.

அம்மையாரின் வீடு கடலுக்கு அருகில். அவர் முற்றத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். மகளும் விடுமுறையில் வந்திருந்தாள். இருவரும் ஒருவருக்கொருவர் முதுகு காட்டியபடியே வேலை செய்துகொண்டிருந்தார்கள். இருவரும் கேட்கும்படி சொன்னேன்: கதை வெளியே போனது என் வீட்டிலிருந்து, கேட்டவன் என் மகன், கேட்ட வழி இது. அம்மையாருக்கு முதலில் விளங்கவில்லை. "ஆள் இல்லாமல் என்னண்டு ஐயா கேக்கிறது?" மகள் விளக்கினாள், அவளுக்குத் தெரிந்திருந்தது. "ரெலிபோன்மாதிரியே?" "இல்லையம்மா. ரெலிபோன் எண்டா மணி அடிக்கும், எடுத்தாத்தான் கதைக்கலாம். இது எடுக்கத் தேவையில்லை." அம்மையார் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார். "அப்ப அது கதவு இல்லாத வீடெல்லோ" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "நான் உங்களை நினைக்கேல்லை ஐயா. ரீச்சரைத்தான் நினைச்சன். பொம்பிளையள் எண்டா அப்பிடித்தான் எண்டு நினைச்சுப்போட்டன். நானும் ஒரு பொம்பிளை" என்றார். மகள் அழுதாள். "அம்மா எனக்கு முதல் சொல்லியிருந்தா நான் ஓம் எண்டிருப்பன் ஐயா. அவவை வீட்டாலை கலைக்கவே நான் கலியாணம் முடிக்கிறன்? ஆனா மாப்பிள்ளை பகுதி சொல்லித்தானே கேட்டன். இனி ஓம் எண்டாலும் அது வேறை ஓம்."

இந்த வாக்கியத்தை நீ நிதானமாக யோசிக்க வேண்டும். நீ வெளியே விட்ட செய்தி பொய்யல்ல. வெட்கப்பட வேண்டியதும் அல்ல. மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்குப் பயம் எதற்கு என்று நீங்கள் சொல்வதுண்டு. அம்மையாருக்கு மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. தன் மகளுக்குத் தானே சொல்லும் வேளை ஒன்று மட்டும் இருந்தது. சொற்களையும் அவர் தேடி வைத்திருந்திருப்பார். பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் அவற்றை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருப்பார். அந்த வேளையை நீ எடுத்துக்கொண்டாய். நான் எழுதும் எந்த உறுதியாலும் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. வீட்டு உறுதியை மகளின் விருப்பப்படியே சீவிய உரித்தோடு எழுதினேன். மாப்பிள்ளை இன்னும் ஒரு பதிலும் சொல்லவில்லை. சொல்வாரா என்பதும் தெரியாது.

நீ என்ன சொல்வாய் என்று நான் அறிவேன். பெட்டி ஒன்றும் செய்யவில்லை, நான்தான் செய்தேன் என்பாய். அந்த நேர்மை உன்னிடம் உண்டு. அது பாதி சரி. மீதிப் பாதி என்னவென்றால், தொலைபேசி மணியை அடித்துவிட்டு, எடுக்காவிட்டால் பேசாமல் போயிருக்க வேண்டிய என் மகனை, அந்தப் பெட்டி என் சுவருக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியது. திறக்கும்போது ஒரு சிறு ஒலி வரும், ஒரு விளக்கு எரியும் என்பாய். வந்திருக்கலாம். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எழுபது கடந்த ஒருவருக்கு அது கேட்கவில்லை. யாரோ எங்கோ எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்கிறார்களா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது, தெரியாததைப் பற்றி நான் சாட்சி சொல்வதில்லை. எனக்குத் தெரிந்ததே எனக்குப் போதுமான அளவு குமட்டுகிறது. கண் தெரியாத ஒருவருக்கோ, கை கால் வழங்காத ஒருவருக்கோ, அவர் தாமே கேட்டு வாங்கி, தாமே அணைக்கவும் தெரிந்திருந்தால், அந்தப் பெட்டி உதவியாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல உடம்போடு எழுந்து போய் விளக்கைப் போடக்கூடிய நீங்கள் மூன்று பேர், படுக்கையறை உட்பட அறைக்கு ஒன்றாக வைப்பதற்கு நான் ஒரு நியாயத்தையும் காணவில்லை. சோம்பலை நியாயம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். உன் வீட்டில் உன் மனைவி தன் தாயோடு பேசுவாள். உன் மகள் வளர்ந்து தன் சிநேகிதியோடு பேசுவாள். உன் வீட்டுக்கு வருபவர்கள் தங்கள் பாரங்களைக் கொண்டுவருவார்கள். சுவருக்குக் காது வைத்திருக்கிறேன் என்று அவர்களுக்கு வாசலிலேயே சொல்ல உனக்கு மனம் வருமா? வராது என்றால் வைக்காதே.

உன் அம்மா விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்வி மீதி இருக்கிறது. அது உண்மையான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். வழுக்காத விரிப்புப் போட்டிருக்கிறேன். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் அழைப்பு மணி வாங்கினேன். அதன் பொத்தானை நிலத்திலிருந்து எட்டும் உயரத்தில் வைத்து, மணியை நம் விறாந்தையிலும் பக்கத்து வீட்டிலும் பொருத்தியிருக்கிறேன். உன் அம்மா அமத்தினால் அடிக்கும். அவர் அமத்தாவிட்டால் அது ஒரு பிளாஸ்ரிக் துண்டு. பழுதான வானொலிக்குப் பதிலாக வேறொரு வானொலியும் வாங்கினேன். அதை உன் அம்மா இன்னும் போடவில்லை. கட்சிக்காரர் வந்தால் இப்போது அவர் பேசாமல் எழுந்து பக்கத்து வீட்டுக்கே போய்விடுகிறார். நான் போகச் சொல்லவில்லை. போகவேண்டாம் என்று சொல்வதற்கும் எனக்கு வாய் வரவில்லை. அம்மையார் அன்று, "ரீச்சருக்குக் குடுங்கோ" என்று ஒரு பொதி கருவாடு தந்துவிட்டார். அது குளிர்பெட்டியில் அப்படியே இருக்கிறது. உன் அம்மா அதை எறியவுமில்லை, சமைக்கவுமில்லை.

ஆகையால் உன் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். பழையது துவாயில் சுற்றியபடி இருக்கிறது. அடுத்த முறை வரும்போது கொண்டுபோ. அதற்கு முன் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அம்மையாரிடம் நீ பேச வேண்டும். உன் சார்பில் மன்னிப்புக் கேட்கட்டுமா என்று நான் அவரைக் கேட்டேன். ஒருவருக்காக இன்னொருவர் பேசி நடந்ததெல்லாம் போதும் என்று சொல்லிவிட்டார். உன் அழைப்பு வரக்கூடும் என்று அறிவித்திருக்கிறேன். எடுப்பேன் என்று அவர் சொல்லவில்லை. இலக்கத்தை உனக்குத் தர மட்டும் சம்மதித்தார். அது இத்துடன் தனித் தாளில் இருக்கிறது. எங்கள் பகலில் அழை. அவர் முற்றத்தில் நிற்பார். மீனைக் கிளறிவிட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வர நேரம் எடுக்கும். மணி அடிக்கட்டும். யார் அழைக்கிறார் என்று பார்ப்பார். எடுப்பதா விடுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். எடுத்தால், முதலில் உன் பெயரைச் சொல். எடுக்காவிட்டால், இன்னொரு நாள் அழை. அன்றைக்கும் மணி அடிக்கட்டும்.

உன் அப்பா